வலிப்புள்ள பிள்ளைகளின் நடத்தையும் வாழ்வும்: கிளினிக்கிலும் வகுப்பறையிலும் கேட்கப்படாதவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை உலக வலிப்பு தினமாக அனுட்டிக்கப்படுகிறது. அந்நாளையொட்டி நமது பத்திரிகைகளில் வரும் குறிப்புகளைச் சில ஆண்டுகளாக வெட்டி எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறேன். குளிசையை ஒழுங்காகப் போட வேண்டும், வலிப்பு வந்தவரின் கையில் இரும்பைத் திணிக்கக் கூடாது, இது தொற்றுநோய் அல்ல என்ற மூன்று செய்திகளும் அவற்றில் தவறாமல் இருக்கும். மூன்றும் உண்மை, மூன்றையும் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் வேண்டும். ஆனால், வலிப்புள்ள ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை வலிப்பு வராத நாட்களில் எப்படி இருக்கிறது, ஏன் எரிந்து விழுகிறது, ஏன் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறது, ஏன் படிப்பில் பின்வாங்குகிறது என்பதைப் பற்றி அக்குறிப்புகளில் ஒரு வரியையும் நான் கண்டதில்லை. அதைப் பற்றி எழுதவே இக்கடிதம்.

நான் முப்பத்தொரு வருடங்கள் ஆரம்ப வகுப்புகளுக்குக் கற்பித்து ஓய்வுபெற்றவள். எனது பெறாமகன், அதாவது என் தங்கையின் மகன், பெற்றோர் வெளிநாட்டில் இருப்பதால் எட்டு வயதிலிருந்து எங்கள் வீட்டில்தான் வளர்கிறான். இப்போது பத்தொன்பது வயது. அவனுக்கு வலிப்பு இருக்கிறது. ஆசிரியையாக நான் இழைத்த ஒரு தவறையும், பெரியம்மாவாக நான் இழைத்த இன்னொரு தவறையும் மறைக்காமல் எழுதுகிறேன். இவை என் வீட்டில் மாத்திரம் நடந்தவை என்று நான் நம்பவில்லை.

முதலாவது பல வருடங்களுக்கு முந்தியது. தரம் நான்கில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். சொல்வதெழுதல் கொடுத்தால் அவளது கொப்பியில் வசனத்தின் நடுவில் இரண்டு மூன்று சொற்கள் இருக்காது. முன்னும் பின்னும் அழகான எழுத்தில் பிழையில்லாமல் இருக்கும். வாசிக்கும்போது திடீரென்று நிறுத்துவாள், கண் ஒரே இடத்தில் நிலைக்கும், கூப்பிட்டால் பேசமாட்டாள், சில விநாடிகளில் ஒன்றும் நடக்காதது போல விட்ட இடத்துக்கு அடுத்த வரியிலிருந்து தொடங்குவாள். "பகற்கனவு காண்கிறாள்" என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதினேன். வாங்கில் ஏற்றியும் விட்டிருக்கிறேன். மறு வருடம் வேறொரு ஆசிரியை சந்தேகப்பட்டு வைத்தியரிடம் அனுப்பிய பின்னர்தான் அது ஒரு வகை வலிப்பு என்று எனக்குத் தெரிந்தது. விழுவதில்லை, கைகால் இழுப்பதில்லை, நுரை தள்ளுவதில்லை. ஐந்து பத்து விநாடிகளுக்கு நினைவு அறுந்து மீண்டும் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் நான்கு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் தொடங்குகிற இந்த வகை, ஒரே நாளில் பல பத்துத் தடவைகள் வரக்கூடியது. அவள் கவனிக்காமல் இருந்ததில்லை. அந்த விநாடிகளில் என் குரல் அவளிடம் போய்ச் சேரவே இல்லை. அவள் இன்று எங்கிருந்தாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்க விரும்புகிறேன்.

இரண்டாவது தவறு என் வீட்டுக்குள் நடந்தது. பெறாமகனுக்குப் பதினான்கு பதினைந்து வயதாக இருந்தபோது, காலையில் தேத்தண்ணியைக் கையில் கொடுத்தால் கை திடுக்கென்று உதறும். குவளை விழுந்து உடையும். பல் துலக்கும்போது தூரிகை பறக்கும். நித்திரைத் தூக்கம், அக்கறையீனம், வயதின் திமிர் என்று ஒவ்வொரு குவளைக்கும் ஒவ்வொரு பெயர் வைத்து ஏசினேன். சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய மாதம், இரவு ஒரு மணி வரை படித்துவிட்டு ஐந்து மணி ரியூசனுக்கு வெளிக்கிட்ட ஒரு காலையில், முற்றத்தில் சைக்கிளுக்குப் பக்கத்தில் முழு உடலும் இழுத்து விழுந்தான். வைத்தியர் முதலில் கேட்ட கேள்வி, "காலையிலே கையிலே இருக்கிற சாமான் விழுறதா?" என்பதுதான். பதின்ம வயதில் தொடங்கும் ஒரு வலிப்பு வகையின் அறிகுறியே அந்தக் காலை உதறல்கள் என்று அன்றுதான் அறிந்தேன். ஒரு வருடமாக நோயை என் கண்முன்னே வைத்துக்கொண்டு பிள்ளையைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்த வகை வலிப்புக்கு நித்திரைக் குறைவு பெரிய தூண்டுதல். நமது ஊரிலோ நித்திரையைக் குறைப்பதுதான் படிக்கிற பிள்ளைக்கு இலட்சணம். விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு வகுப்பு, பாடசாலை, மாலையில் இரண்டு வகுப்புகள், இரவில் கடந்தகால வினாத்தாள்கள். அதற்கு மேல் திருவிழாக் காலங்களில் கண்விழிப்பு. கந்தசஷ்டி போன்ற நீண்ட விரதங்களில் தண்ணீரோடு குளிசையையும் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. விரதம் இருப்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் வலிப்புக் குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை ஒவ்வொரு வீடும் அறிந்திருக்க வேண்டும்.

அடுத்து மருந்தின் கதை. முதலில் கொடுக்கப்பட்ட குளிசையால் வலிப்பு நன்றாகக் குறைந்தது. ஆனால் சாதுவாக இருந்த பிள்ளை மூன்று நான்கு வாரங்களில் வேறோர் ஆளாக மாறினான். சோற்றுக் கோப்பையைச் சுவரில் எறிந்தான். தாய் தொலைபேசியில் பேச வந்தால் இடையில் துண்டித்தான். "இளந்தாரி வயது, பெற்றோரும் கிட்ட இல்லை, அப்படித்தான்" என்று உறவினர் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே எண்ணினேன். கிளினிக்கில் அவனது கோபத்தைப் பற்றிச் சொல்வது வீட்டுக் குப்பையை வெளியில் கொட்டுவது போல் இருக்கும் என்று நினைத்து வாயைத் திறக்கவில்லை. ஐந்தாவது மாதம் ஓர் இளம் வைத்தியர் தற்செயலாக, "ஆள் கோபப்படுறாரா?" என்று கேட்டார். என் கண்கள் கலங்கிவிட்டன. லெவெற்றிராசெற்றம் என்ற அந்த மருந்து சிலரில் எரிச்சலையும் கோபத்தையும் மனச்சோர்வையும் உண்டாக்கும் என்றும், அது மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டிலேயே எழுதப்பட்ட விடயம் என்றும் விளக்கி, படிப்படியாக வேறொரு குளிசைக்கு மாற்றினார். கோபம் முழுவதும் போகவில்லை. ஆனால் எங்கள் பிள்ளை எங்களுக்குத் திரும்பக் கிடைத்தான்.

எல்லா மருந்துகளும் எல்லோரிலும் இப்படிச் செய்வதில்லை. 1912 ஆம் ஆண்டிலிருந்து பாவனையில் உள்ள பினோபாபிற்றோன் சில பிள்ளைகளை ஓரிடத்தில் இருக்க முடியாதவர்களாக்கும். ரொப்பிரமேற் சிலரில் சொற்களைத் தேடித் தடுமாற வைக்கும். அதே மருந்துகள் வேறு பலருக்கு எந்தக் கரைச்சலும் இல்லாமல் வாழ்வைத் திருப்பிக் கொடுத்திருக்கின்றன. எனவே இதை வாசித்துவிட்டு எவரும் குளிசையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது என்று கையெடுத்துக் கேட்கிறேன். நிறுத்துவதற்காக அல்ல, சொல்வதற்காகவே எழுதுகிறேன். பிள்ளையின் குணம் மாறியிருந்தால் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். அது குடும்பத்தின் மானப்பிரச்சினை அல்ல. காய்ச்சலின் அளவைச் சொல்வது போன்ற ஒரு தகவல்.

நடத்தை மாற்றத்துக்கு மருந்து மாத்திரம் காரணம் என்றும் நான் சொல்லவில்லை. இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் உள்ள வைட் தீவில் நடந்து, 1970 இல் வெளிவந்த ஓர் ஆய்வு இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. வலிப்போ வேறு நாட்பட்ட நோயோ இல்லாத பிள்ளைகளில் 100 இற்கு ஏறத்தாழ 7 பேரிடம் உளநலச் சிக்கல் இருந்தது. மூளையோடு தொடர்பில்லாத நாட்பட்ட உடல்நோய் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ 12 பேரிடம் இருந்தது. மூளையில் வேறு பாதிப்பு எதுவும் இல்லாமல் வலிப்பு மட்டும் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ 29 பேரிடமும், மூளைப் பாதிப்போடு வலிப்பும் உள்ளவர்களில் 58 பேரிடமும் இருந்தது. முப்பது வருடங்களுக்குப் பின், 2003 இல் வெளிவந்த பிரித்தானிய நாடளாவிய கணிப்பொன்றிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை: வலிப்புள்ள பிள்ளைகளில் 37 வீதம், நீரிழிவு உள்ளவர்களில் 11 வீதம், மற்றவர்களில் 9 வீதம். நீரிழிவுள்ள பிள்ளையும் தினமும் ஊசியோடு வாழ்கிறது. அதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு, கிளினிக் உண்டு. அப்படியிருந்தும் இவ்வளவு வித்தியாசம் ஏன்? நீண்டகால நோயின் சுமை என்ற ஒன்றை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. கோபத்தையும் கவனத்தையும் மனநிலையையும் ஆளுகிற அதே மூளையில்தான் வலிப்பும் பிறக்கிறது. 2001 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், முதல் வலிப்பு கண்டறியப்படுவதற்கு முந்திய ஆறு மாதங்களிலேயே பல பிள்ளைகளில் நடத்தைச் சிக்கல்கள் தொடங்கியிருந்தமை தெரியவந்தது. அதாவது, ஊராரின் பார்வையோ குளிசையோ அந்தப் பிள்ளையைத் தொடுவதற்கு முன்னரே ஏதோ ஒன்று மாறத் தொடங்கியிருக்கிறது. அதன் மேல்தான் மருந்தும், பயமும், நாம் நடத்துகிற விதமும் வந்து சேருகின்றன. இவற்றைப் பிரித்துப் பார்க்கும் பொறுமை இல்லாமல் எல்லாவற்றையும் "குணம்" என்ற ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

வலிப்பே நடத்தையாகத் தோன்றும் சந்தர்ப்பங்களும் உண்டு. சிலர் விழமாட்டார்கள், வாயை மெல்லுவார்கள், உடுப்பின் நுனியைக் கையால் பிய்ப்பார்கள், எழுந்து நோக்கமின்றி நடப்பார்கள், கேட்டால் பொருந்தாத பதில் வரும். இரண்டொரு நிமிடத்தில் தெளிவார்கள். நடந்தது நினைவில் இராது. இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பேய் பிடித்ததென்று பார்வை பார்க்கக் கொண்டு திரிந்த குடும்பங்களை நான் அறிவேன். நூல் கட்டுவதை நான் பழிக்கவில்லை. என் தாயாரும் பேரனின் கையில் நூல் கட்டினார், அது அவரது மனதுக்கு ஆறுதல். கட்டியவர் குளிசையை நிறுத்தச் சொன்னால்தான் எனக்குச் சண்டை. அதேபோல, பெரிய வலிப்பு முடிந்த பிறகு வரும் மயக்கக் குழப்பத்தில் இருக்கும் ஒருவரை நாலு பேர் சேர்ந்து அமத்திப் பிடித்தால் அவர் திமிறுவார், கையை வீசுவார். "அடிக்க வந்தான்" என்று அது ஊருக்குள் கதையாகிவிடும். அவரை விட்டு, பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து, அருகில் அமைதியாக இருந்திருந்தால் அப்படி ஒன்றும் நடந்திருக்காது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விடயம். கிளினிக் நாளில் விடியவே போய் இலக்கம் எடுத்து, வாங்கில் மூன்று மணித்தியாலங்கள் இருந்து, உள்ளே போனால் வைத்தியர் கேட்பது, "போன முறைக்குப் பிறகு எத்தனை தரம் வந்தது?" என்பது. பதில் சொல்வது நான். பெறாமகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கொப்பியில் எழுதி, குளிசைத் துண்டைத் தருவார்கள். வைத்தியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வெளியில் இன்னும் எண்பது பேர் நிற்கும்போது அவர்களும் மனிதர்கள்தான். ஆனால் இத்தனை வருடங்களில் எவரும், "தம்பி, நீர் எப்படி இருக்கிறீர்?" என்று அவனை நேரடியாகக் கேட்டதில்லை. வெளிநாட்டில் இருக்கும் தாயும் வட்ஸ்அப்பில் முதலில் கேட்பது, "இந்த மாதம் வந்ததா?" என்பதையே.

ஒருநாள் அவனே எனக்கு ஒரு கணக்குச் சொன்னான். "பெரியம்மா, போன வருசம் எனக்கு மூண்டு தரம் வந்தது. மூண்டும் சேர்த்து பத்து நிமிசம் வராது. மிச்ச வருசம் முழுக்க நான் அந்தப் பத்து நிமிசத்துக்குக் காவல் இருக்கிறன்." ஒரு வருடத்தில் 525,600 நிமிடங்கள் என்று அவனே கணித்து எழுதிக் காட்டினான். நாங்கள் கேட்டதெல்லாம் பத்தைப் பற்றி. மீதி முழுவதும் அவன் வாழ்கிற வாழ்க்கை.

அந்த மீதியைக் கேட்பதற்கு வழி இல்லாமல் இல்லை. பதினொரு வயதிலிருந்து பதினேழு வயது வரையான வலிப்புள்ள பிள்ளைகளுக்கென்றே 48 வினாக்கள் கொண்ட ஒரு வாழ்க்கைத்தர வினாக்கொத்து 1999 இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. வலிப்பு அன்றாட வாழ்வை எவ்வளவு தடுக்கிறது, ஞாபகமும் கவனமும் எப்படி, உடலால் என்ன செய்ய முடிகிறது, மற்றவர்கள் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள், உதவிக்கு யாராவது இருக்கிறார்களா, பாடசாலையில் எப்படி நடந்துகொள்கிறார், தன் நோயைப் பற்றித் தானே என்ன நினைக்கிறார், தன் ஆரோக்கியத்தை எப்படி மதிப்பிடுகிறார் என்ற எட்டு முகங்களை அது விசாரிக்கிறது. பதில் சொல்ல வேண்டியவர் பெற்றோர் அல்ல, பிள்ளை. எனக்கு இதில் பிடித்தது அதுதான். வலிப்பு எத்தனை தடவை வருகிறது என்பதைவிட மனச்சோர்வு இருக்கிறதா இல்லையா என்பதே வாழ்க்கைத்தரத்தை அதிகம் தீர்மானிக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கும்போது, தடவைகளை மட்டும் எண்ணிவிட்டு அனுப்புவது அரைச் சிகிச்சைதான்.

கட்டுப்பாடுகளைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். முதல் வலிப்புக்குப் பிறகு நான் என் பிள்ளைக்கு விதித்த தடைகளை இப்போது எண்ணிப் பார்க்கிறேன்: சைக்கிள் இல்லை, கிணற்றடி இல்லை, கடற்கரை இல்லை, நண்பர் வீடு இல்லை, நல்லூர்த் திருவிழா இல்லை, கரப்பந்தாட்டம் இல்லை, தனி அறை இல்லை. இவற்றில் சில நியாயமானவை. வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லாத நமது குடாநாட்டில் வீட்டுக்கு வீடு கிணறு. தோட்டங்களில் கட்டில்லாத கிணறுகளும் உண்டு. வலிப்புள்ள ஒருவர் கிணற்றுக் கட்டில் ஏறி நின்று தனியே அள்ளிக் குளிப்பது உண்மையிலேயே ஆபத்தானது. கப்பியில் அள்ளுவதை வேறொருவர் செய்யலாம், அல்லது குழாய் நீரில் வாளியில் குளிக்கலாம். குளியலறைக் கதவை உள்ளே தாழிடாமல் சாத்தி மட்டும் வைக்கலாம். விறகடுப்பின் முன் தனியே சமைப்பதும், துணையில்லாமல் நீந்துவதும், வலிப்பு கட்டுப்படாத நிலையில் வாகனம் ஓட்டுவதும் அப்படியே. ஆனால் நண்பன் வீட்டுக்குப் போவதில் என்ன ஆபத்து? கரப்பந்தில் என்ன ஆபத்து? என் பயத்தைக் குறைத்துக்கொள்ளவே அவனது உலகத்தைக் குறைத்தேன் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

கரப்பந்தாட்டம் அவனது உயிர். பயிற்றுநர் பயந்து நிறுத்திவிட்டார். அவரையும் நான் குற்றம் சொல்லமாட்டேன், அவருக்கு யாரும் ஒன்றும் விளக்கியிருக்கவில்லை. எட்டு மாதங்கள் மைதானத்தின் ஓரத்தில் பந்து பொறுக்கிக் கொடுத்துக்கொண்டு நின்றான். பிறகு வைத்தியர் ஒரு தாளில், இவர் விளையாடலாம், வலிப்பு வந்தால் இன்னின்ன செய்யுங்கள் என்று தமிழில் ஐந்து வரி எழுதித் தந்தார். அந்தத் தாளை அவனே தன் அணிக்கு வாசித்துக் காட்டினான். அதன் பிறகு ஒருமுறை மைதானத்திலேயே வலிப்பு வந்தது. பதினாறு வயதுப் பையன்கள், ஒருவன் தலைக்குக் கீழே சேட்டை மடித்து வைத்து, ஒருவன் பக்கவாட்டில் திருப்பி, ஒருவன் மணிக்கூட்டைப் பார்த்து, மற்றவர்கள் சனம் கூடாமல் விலக்கி, மூன்று நிமிடத்தில் எல்லாம் முடித்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அடுத்த நாள் பயிற்சிக்குக் கூப்பிடவும் வந்தார்கள். அவனது குணத்தில் நான் கண்ட மிகப் பெரிய மாற்றம், குளிசை மாற்றியதற்கு அடுத்தபடியாக, அந்தக் கிழமைதான் வந்தது.

இருந்தும் இடையிடையே அவனுக்கு இருண்ட நாட்கள் வருகின்றன. "எனக்கு வலிப்பு வாறது பெரிய கரைச்சல் இல்லைப் பெரியம்மா, முழிச்சாப் பிறகு எல்லாரும் பாக்கிற பார்வைதான்" என்று சொல்லி அழுத நாளும் உண்டு. வலிப்புள்ள இளையோரிடையே மனச்சோர்வும், வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணமும் மற்றவர்களைவிட அதிகம் என்பது நன்கு அறியப்பட்டது. அப்படியொரு சொல் பிள்ளையின் வாயில் வந்தால் அதைப் பயமுறுத்தலாக எடுக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்ல வேண்டும். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். மனநல மருத்துவரிடம் போனால் "விசர்" என்ற பெயர் வந்துவிடும் என்று தயங்குகிற பெற்றோருக்கு நான் சொல்வது, மூளையில் வருகிற வலிப்புக்கு மருந்து எடுக்கும் நாம், அதே மூளையில் வருகிற சோர்வுக்கு ஏன் கூச்சப்பட வேண்டும் என்பதுதான்.

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். சாதகப் பொருத்தத்துக்குத் தடை வந்துவிடுமென்று பதினான்கு வயதிலேயே மறைக்கப் பழக்கப்படுகிறார்கள். என்னிடம் படித்த ஒருத்தி, திருமணத்தின் பின் குளிசையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்து, கணவர் வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்துப் போட்டதாகவும், தவறிய நாட்களில் வலிப்பு வந்ததாகவும் என்னிடம் சொன்னாள். மறைத்ததால் வந்த துன்பம் நோயால் வந்ததைவிடப் பெரிது. மறைப்பதனால் இன்னோர் ஆபத்தும் உண்டு. வல்ப்புரோயேற் என்ற மருந்தைக் கர்ப்ப காலத்தில் எடுத்தால் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 10 பேருக்குப் பிறவிக் குறைபாடும், 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சிக் குறைபாடும் ஏற்படலாம். அதற்காகத் தாமாக மருந்தை நிறுத்துவதும் ஆபத்து. கருத்தரிப்பதற்கு வெகு முன்னரே வைத்தியரோடு கலந்து பேசித் தகுந்த மருந்துக்கு மாறினால், வலிப்புள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோர் ஆரோக்கியமான குழந்தைகளைப் பெறுகிறார்கள். வாயே திறக்க முடியாதவள் எப்படிக் கலந்து பேசுவாள்? அயல்நாடான இந்தியாவில், வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்கும் சட்ட ஏற்பாடு 1999 வரை இருந்து பிறகு நீக்கப்பட்டது. சட்டத்தில் எழுதப்படாமலே அந்த ஏற்பாடு நமது கலியாணப் பேச்சுகளில் இன்றும் இருக்கிறது.

பாடசாலைகளிடம் நான் கேட்பது அதிகமில்லை. வலிப்புள்ள ஒவ்வொரு மாணவருக்கும், அவரும் பெற்றோரும் சம்மதித்தால், ஒரு பக்கத் தாள் அதிபரிடமும் வகுப்பாசிரியரிடமும் இருக்கட்டும்: வலிப்பு எப்படித் தோன்றும், எவ்வளவு நேரம் நீடிக்கும், என்ன செய்ய வேண்டும், யாரை அழைக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழைக்க வேண்டும். அச்சேவை 2018 முதல் வடக்கிலும் இருக்கிறது. வாயில் கரண்டியோ கையில் திறப்போ வேண்டாம். வலிப்புக்குப் பிறகு பிள்ளையை உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவதை வழக்கமாக்காமல், ஓய்வெடுக்க ஓர் இடம் கொடுத்து, தெளிந்ததும் வகுப்புக்குத் திரும்ப விட வேண்டும். வலிப்புள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கவனக்குறைவுச் சிக்கலும் சேர்ந்திருக்கலாம் என்பதால், புள்ளி குறையும்போது தண்டிப்பதற்கு முன் விசாரியுங்கள். பரீட்சை மண்டபத்தில் வலிப்பு வந்த பிள்ளைக்கு என்ன நடைமுறை என்பதைக் கல்வித் திணைக்களம் மேற்பார்வையாளர்களுக்கு எழுத்தில் முன்கூட்டியே அறிவித்தால், அந்தப் பயத்திலேயே பரீட்சைக்குப் போகாமல் நிற்கும் பிள்ளைகள் துணிந்து போவார்கள்.

தீவுப் பகுதிகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நெடுந்தீவிலிருந்து ஒரு பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டு வருவதென்றால் விடிய முன் எழும்பி, ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டக் கடலில் வந்து, குறிகாட்டுவானில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். நித்திரைக் குறைவால் வலிப்பு வருகிற பிள்ளைக்கு அந்தப் பயணமே ஒரு தூண்டுதல். கடல் கொந்தளித்தால் கிளினிக்கும் இல்லை, குளிசையும் இல்லை. 2022 இல் நாடு முழுவதும் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது கடை கடையாக அலைந்த அனுபவம் பல வீடுகளுக்கு உண்டு. தீவுகளில் உள்ளவர்களுக்கு இரண்டு மாதக் குளிசை கையிருப்பாகக் கிடைக்கவும், அவர்களது பிரதேச வைத்தியசாலைகளிலேயே மருந்தைப் பெறவும் ஒழுங்கு செய்வது இயலாத காரியமா என்று சுகாதாரத் திணைக்களத்தினரைக் கேட்கிறேன்.

மேலே சொன்ன வினாக்கொத்தைப் பற்றி எனக்கு ஒரு குறிப்பான வேண்டுகோள் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்த மண் இது. 1978 இல் தொடங்கப்பட்ட நமது மருத்துவ பீடத்தின் மாணவர்கள், வலிப்புள்ள இளையோரின் வாழ்வை விசாரிக்கும் ஓர் அரைப் பக்கத் தாளை நமது பேச்சுக்கு நெருங்கிய தமிழில் ஆக்கித் தர முடியாதா? ஐந்தாறு கேள்விகள் போதும். நித்திரை எப்படி? குளிசை தொடங்கிய பிறகு கோபமோ சோகமோ கூடியதா? பாடசாலையில் எவராவது ஒதுக்குகிறார்களா? செய்ய விரும்பியும் விடாத விடயம் எது? தனியாக வைத்தியரோடு கதைக்க விருப்பமா? வாங்கில் காத்திருக்கும் அந்த மூன்று மணித்தியாலத்தில் பிள்ளை தானே நிரப்பி, மடித்து, உள்ளே கொடுக்கட்டும். பெரியம்மா வாசிக்கத் தேவையில்லை. வைத்தியருக்கு அது அரை நிமிட வாசிப்பு. எங்கள் வீட்டில் அந்தத் தாள் இருந்திருந்தால், ஐந்து மாதக் கோபம் ஒரு மாதத்தில் முடிந்திருக்கும்.

உலகம் முழுவதும் 5 கோடிப் பேருக்கு வலிப்பு இருக்கிறது என்றும், தகுந்த சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 வீதம் வரையானோர் வலிப்பின்றி வாழலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2022 முதல் 2031 வரைக்குமான அதன் செயற்திட்டம், சிகிச்சையை விரிவாக்குவதோடு நின்றுவிடாமல், வலிப்புள்ளோரின் உரிமைகளைக் காக்கும் சட்டங்களை 80 வீதமான நாடுகள் 2031 இற்குள் ஆக்கியிருக்கவோ புதுப்பித்திருக்கவோ வேண்டும் என்றும் இலக்கு வைத்திருக்கிறது. நமது மக்கள் பிரதிநிதிகள் இதை வாசித்திருக்கிறார்களா என்று தங்கள் செய்தியாளர்கள் ஒருமுறை கேட்டு எழுதினால் நன்று.

தங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். விபத்துச் செய்திகளில் "காக்கை வலிப்புக்காரர்" என்று ஒருவரை நோயின் பெயரால் எழுதுவதைத் தவிர்த்து, "வலிப்பு இருந்தவர்" என்று எழுதுங்கள். கால் கை வலிப்பு என்பதே மருவிக் காக்கை வலிப்பு ஆயிற்று என்பார்கள். காகத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டுக் காகம் போலக் கரைந்து கேலி செய்த பிள்ளைகளை நான் வகுப்பறையில் கண்டிருக்கிறேன்.

இக்கடிதத்தை அனுப்புவதற்கு முன் பெறாமகனுக்கு வாசித்துக் காட்டினேன். தன்னைப் பற்றிய எல்லாவற்றுக்கும் சம்மதம் தந்தான். ஆனால் இரண்டு இடங்களில் "பாவம்" என்று நான் எழுதியிருந்ததை வெட்டச் சொன்னான், வெட்டிவிட்டேன். எனது பெயரையும் ஊரையும் பிரசுரிக்க வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன். என் பெயர் தெரிந்தால் அவன் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். இந்த வருடம் அவன் வேலைக்கு விண்ணப்பிக்கிறான். தனக்கு வலிப்பு இருப்பதை யாரிடம், எப்போது சொல்வது என்பதை அவனே தீர்மானிக்கட்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
யாழ்ப்பாணம்.